சட்பரியில் மூன்று நாள்: விடுதிக்கு அருகில் பெற்றோருக்குக் காட்டத்தக்க இடங்கள் எவை?

மார்க்கம் மலர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஓகஸ்ட் முதல் வாரத்தில் என் கணவருக்கு, கனடாவின் வடக்கு ஒன்டாரியோவில் உள்ள சுரங்க நகரான சட்பரியில், மூன்று நாள் வேலைப் பயிற்சி இருக்கிறது. ரீஜண்ட் வீதிக்கு அருகில் ஒரு விடுதியில் அறை ஒதுக்கித் தந்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் என் பெற்றோரையும் ஒன்பது வயது மகனையும் அழைத்துக்கொண்டு நானும் உடன் செல்கிறேன். காலையில் கணவரை இறக்கிவிட்ட பின்பு மாலை ஐந்து மணிவரை கார் என் கையில் இருக்கும்.

விடுதியிலிருந்து ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார்கள். அதில் பெயர்கள் மட்டுமே இருக்கின்றன. எது பார்க்கத் தகுந்தது, எதற்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று தெரியவில்லை. ரொறன்ரோவில் கேட்டவர்களில் பாதிப்பேர் "அங்கே பெரிய நாணயம் ஒன்று இருக்கிறது, அதைத் தவிர வேறொன்றும் இல்லை" என்றார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, நீண்ட ஏற்றங்கள் முடியாது. அப்பா காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கல், மண், இயந்திரம் என்றால் நேரம் போவதே தெரியாமல் நிற்பவர். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாவேன்.

ராம்சே ஏரிக்கரை

வணக்கம் சகோதரி. பதினெட்டு ஆண்டுகளாக இந்த ஊரில் குடியிருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். "வேறொன்றும் இல்லை" என்று சொன்னவர்கள் 69ஆம் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி, பெட்ரோல் போட்டுக்கொண்டு, நாணயத்தின் முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பியவர்களாகத்தான் இருப்பார்கள். இந்த ஊரில் பார்க்கவேண்டிய இடங்கள் ஒன்றையொன்று விளக்குபவை. அவற்றைச் சரியான வரிசையில் பார்த்தால் மூன்று நாளும் போதாது.

முதல் நாளை ராம்சே ஏரிக்கரையில் உள்ள சயன்ஸ் நார்த் அறிவியல் நிலையத்துக்கு ஒதுக்குங்கள். நீங்கள் தங்கும் பகுதியிலிருந்து காரில் சில நிமிடங்கள்தான். 1984இல் திறக்கப்பட்ட இந்தக் கட்டடம் பனித்துகள் வடிவில் கட்டப்பட்டது. வடிவமைத்தவர் ரேமண்ட் மொரியாமா. நுழைவுக் கட்டடத்தையும் காட்சிக்கூடங்களையும் இணைக்கும்படி பாறையைக் குடைந்த சுரங்கப்பாதையும் பாறைக்குகை ஒன்றும் அமைத்திருக்கிறார்கள். கட்டடம் ஒரு நிலப்பிளவின் மேலேயே அமர்ந்திருக்கிறது. அந்தப் பிளவை மூடி மறைக்காமல் உள்ளேயே பார்க்கும்படி விட்டிருக்கிறார்கள். தலைக்கு மேலே ஒரு திமிங்கலத்தின் முழு எலும்புக்கூடு தொங்குகிறது. மேல்தளங்களுக்குச் சாய்தளம் வழியாகவே ஏறலாம், மின்தூக்கியும் உண்டு; ஆகவே உங்கள் அம்மாவுக்குச் சிரமம் இராது. நீலநிற மேலங்கி அணிந்த ஊழியர்கள் ஆங்காங்கே நிற்பார்கள். அவர்களிடம் கேள்வி கேட்கும்படி மகனிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பலகையைப் படிப்பதைவிட அவர்களிடம் பேசுவதில்தான் அந்த இடத்தின் பயன் இருக்கிறது.

மாலையில் பெல் பூங்காவின் ஏரிக்கரைப் பலகை நடைபாதையில் காலாற நடக்கலாம். சமதளம், இருக்கைகள் நிறைய உண்டு.

இரண்டாம் நாள் டைனமிக் எர்த் என்னும் சுரங்கக் காட்சியகம். பிக் நிக்கல் நாணயம் அங்கேதான் நிற்கிறது. 1951ஆம் ஆண்டின் கனடிய ஐந்து சென்ட் நாணயத்தின் உருவம் அது; உயரம் 9 மீட்டர்; 1964இல் நிறுவப்பட்டது. 1751இல் நிக்கல் தனி உலோகமாகப் பிரித்தறியப்பட்டதன் இருநூறாம் ஆண்டு நினைவாக வெளியிடப்பட்ட நாணயம் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். இதை முன்னெடுத்தவர் டெட் சில்வா என்ற தீயணைப்பு வீரர். நாணயத்தை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். அதற்குக் கீழே நிலத்தடிச் சுற்றுப்பயணம் இருக்கிறது, அதை மட்டும் தவறவிடாதீர்கள். மின்தூக்கியில் ஏறத்தாழ ஏழு மாடி ஆழம் இறங்கி, தலைக்கவசத்துடன், சுரங்கத் தொழில் கைவேலையாக இருந்த காலத்திலிருந்து இன்றைய இயந்திரங்கள் வரை நடந்து பார்க்கலாம். ஓகஸ்டிலும் உள்ளே குளிரும். எல்லோருக்கும் மேலாடை எடுத்துச் செல்லுங்கள். தரை சில இடங்களில் ஈரமாகவும் மேடுபள்ளமாகவும் இருக்கும் என்பதால் அம்மா எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதை நுழைவுச்சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெண்பாறை

ஐயா சொல்லியிருப்பவை எல்லாம் உண்மைதான். ஆனாலும் நான் மாறுபடுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்த பெற்றோரைக் காட்சியகங்களுக்குள் அடைத்துவைப்பது சரியா? காலையில் புறப்பட்டால் ஒன்றேகால் மணி நேரத்தில் கில்லார்னி மாகாணப் பூங்கா. வெண்ணிறப் படிகப்பாறைக் குன்றுகளும் தெளிந்த நீலநிற ஏரிகளும் வடக்கு ஒன்டாரியோவில் வேறெங்கும் அப்படி ஒருசேர அமைந்திருக்கவில்லை. ஜார்ஜ் ஏரிக்கரையில் அமர்ந்திருந்தாலே போதும், அம்மா ஏற்றம் ஏறவேண்டியதில்லை. கோடையில் வாகன அனுமதியை இணையத்தில் முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

நகரத்தில் எஞ்சியிருப்பவை புகைபோக்கியும் கறுத்த பாறைகளும்தான். மனிதர் செய்த அழிவைச் சுற்றுலாக் காட்சியாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

பாறைப்பித்தன்

கறுத்த பாறைகள் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது, வெண்பாறை அவர்களே. அந்தப் பாறைகள் எப்படி வந்தன என்பது தெரிந்தால் உங்கள் கண்ணுக்கும் வேறு மாதிரித் தெரியும்.

ஏறத்தாழ 185 கோடி ஆண்டுகளுக்கு முன்பு 10 முதல் 15 கிலோமீட்டர் குறுக்களவுள்ள ஒரு விண்பொருள் இங்கே மோதியது. அப்போது உண்டான பள்ளம் பின்னர் நில அசைவுகளால் நெரிந்து, இன்று 60 கிலோமீட்டர் நீளமும் 30 கிலோமீட்டர் அகலமும் கொண்ட நீள்வட்டப் படுகையாக இருக்கிறது. மோதலின் வெப்பத்தில் உருகிய பாறைக்குழம்பு ஆறியபோது கனமான நிக்கலும் செம்பும் கந்தகத்தோடு சேர்ந்து அடியில் தங்கின. படுகையின் விளிம்பைச் சுற்றிச் சுரங்கங்கள் மாலைபோல அமைந்திருப்பதற்குக் காரணம் இதுதான். 1883இல் கனடிய பசிபிக் ரயில்பாதை போடுவதற்காகப் பாறையை வெட்டியவர்கள் துருப்பிடித்த நிறத்தில் கண்ட தாதுதான் இந்த ஊரின் தொடக்கம்.

இதைக் கண்ணால் பார்க்க 144ஆம் நெடுஞ்சாலையில் வடமேற்காகச் சென்று ஏ. ஒய். ஜாக்சன் காட்சிமேட்டில் இறங்குங்கள். ஒனாப்பிங் ஆறு படிப்படியாக மொத்தம் 55 மீட்டர் இறங்கும் அருவியைச் சாலையோர மேட்டிலிருந்தே பார்க்கலாம். கனடாவின் புகழ்பெற்ற ஓவியர் ஜாக்சன் 1953இல் வரைந்த இடம் என்பதால் அந்தப் பெயர். அருவியைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். காலடியில் இருக்கும் கருஞ்சாம்பல் நிறப் பாறையைக் குனிந்து பாருங்கள். விரல்நகம் அளவிலிருந்து கையளவு வரை கூர்முனையுள்ள வெளிர்நிறத் துண்டுகள் கரிய நுண்மணிப் பாறையில் புதைந்திருக்கும். மோதலில் சிதறி மேலே எழுந்து, மீண்டும் பள்ளத்துக்குள்ளேயே விழுந்து இறுகிய துண்டுகள் அவை.

ஒரு தவறான செய்தியையும் இங்கே திருத்திவிட வேண்டும். அப்போலோ 16, 17 பயணங்களின் விண்வெளி வீரர்கள் 1971, 1972ஆம் ஆண்டுகளில் இங்கே வந்து பயிற்சி பெற்றார்கள். "ஊர் நிலவைப்போல மொட்டையாக இருந்ததால் வந்தார்கள்" என்று பலர் எழுதுகிறார்கள், அது உண்மையல்ல. மோதலால் உண்டான பாறைகளை அடையாளம் காணக் கற்பதற்கே வந்தார்கள். நிலவின் மேற்பரப்பு மோதல்களால் ஆனது. அத்தகைய பாறையைக் கையில் எடுத்துப் படிக்க உலகில் சட்பரியைவிடப் பொருத்தமான இடங்கள் மிகச் சிலவே.

கூடுதலாக ஒன்று: நகருக்கு வடகிழக்கே உள்ள வனப்பிட்டே ஏரியும் தனியான ஒரு மோதல் பள்ளம்தான், ஆனால் அதன் வயது 3.7 கோடி ஆண்டுகள் மட்டுமே. ஒரே மாநகர எல்லையையொட்டி இரண்டு மோதல் பள்ளங்கள்!

ராம்சே ஏரிக்கரை

பாறைப்பித்தன் அவர்களுக்கு நன்றி. வெண்பாறை அவர்களின் கருத்துக்கு என் விடையைச் சற்று விரிவாகவே எழுதவேண்டும், ஏனெனில் இந்த ஊரைக் காட்டுவதா மறைப்பதா என்ற கேள்வி எங்கள் வீட்டு மேசையிலும் அடிக்கடி எழுவதுதான்.

தொடக்க காலத்தில் இங்கே தாதுவைத் திறந்தவெளியில் விறகு அடுக்குகளின் மேல் குவித்து, தீமூட்டி, மாதக்கணக்கில் எரியவிட்டார்கள். விறகுக்காகக் காடு வெட்டப்பட்டது. தரையோடு தரையாகப் பரவிய கந்தகப் புகை எஞ்சிய செடிகொடிகளைக் கொன்றது. வேர் பிடிப்பில்லாத மண் மழையில் அடித்துச் செல்லப்பட்டு, வெறும் பாறை எஞ்சியது. அதன் மேலும் புகைக்கரி படிந்து கறுத்தது. 1972இல் 381 மீட்டர் உயரமுள்ள பெரும் புகைபோக்கியைக் கட்டினார்கள். ரொறன்ரோவின் சிஎன் கோபுரம் எழும்வரை தாங்குகம்பி இல்லாமல் தனித்து நிற்பவற்றில் கனடாவிலேயே மிக உயரமான கட்டுமானம் அதுதான். அது ஊருக்குள் விழுந்த புகையை உயரத்தில் ஏற்றித் தொலைவுக்கு அனுப்பியது. ஊர்க்காற்று தெளிந்தது, ஆனால் அமில மழை மற்ற ஏரிகளுக்குப் போயிற்று. வெண்பாறை அவர்கள் புகழும் கில்லார்னி ஏரிகளில் பலவற்றில் மீன்கள் அற்றுப்போனதற்குச் சட்பரி உருக்காலைகளின் புகையே முதன்மைக் காரணம். ஆகவே கில்லார்னிக்குப் போனாலும் சட்பரியின் கதையிலிருந்து வெளியே போய்விட முடியாது.

1978இல் மாநகரம் மீட்புப் பணியைத் தொடங்கியது. சரிவுகளில் இயந்திரம் ஏறாது என்பதால் பொடித்த சுண்ணாம்புக்கல்லை மூட்டைகளில் தோள்மேல் சுமந்துபோய்க் கையால் தூவினார்கள். பின்பு உரமும் புல்விதையும் போட்டு, புல் பிடித்த இடங்களில் பைன் கன்றுகளை நட்டார்கள். கோடை விடுமுறையில் மாணவர்களும், சுரங்கத்தில் ஆட்குறைப்பு நடந்த ஆண்டுகளில் வேலையிழந்த தொழிலாளர்களும் இதைச் செய்தார்கள். இதுவரை நடப்பட்ட மரங்கள் 1 கோடிக்கு மேல். உருக்காலைகள் வெளியிடும் கந்தகமும் 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டது. பெரும் புகைபோக்கி 2020இல் நிறுத்தப்பட்டு, பிரித்து இறக்க முடிவாகியிருக்கிறது.

விடுதிச் சன்னலிலிருந்து மலர் சகோதரி பார்க்கப்போகும் குன்றுகளில் மரங்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிற்கும். அவை ஒரே காலத்தில் மனிதர் கையால் நடப்பட்டவை. இதை அழிவின் காட்சி என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிழக்கே கோனிஸ்டன் பகுதியில், 1972இல் மூடப்பட்ட பழைய உருக்காலைக்கு அருகில், சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடால் பெயரில் ஒரு மீட்பு நடைபாதை இருக்கிறது. உங்கள் அப்பாவை அங்கே கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள்.

தங்கவயல் பேரன்

இந்த இழையை வாசித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. என் தாத்தா வட ஆர்க்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போய் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டபோது நான் பள்ளிச் சிறுவன். எங்கள் ஊரில் தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் மலைபோல் குவிந்து கிடக்கிறது; "சயனைடு மேடு" என்போம். காற்றடிக்கும் மாதங்களில் அந்த மண் வீட்டுக்குள் வந்து சோற்றுத்தட்டில் படியும். அம்மா தட்டைக் கவிழ்த்துவைத்து, பரிமாறும் நேரத்தில்தான் நிமிர்த்துவார்.

மூன்றாண்டுகளுக்கு முன்பு சட்பரிக்குப் போனபோது டைனமிக் எர்த் சுரங்கத்துக்குள் வழிகாட்டி பாறை துளைக்கும் கருவியை இயக்கிக் காட்டினார். அந்தச் சத்தத்தில் என் அருகில் நின்றவர்கள் சிரித்துக்கொண்டே காதைப் பொத்தினார்கள். கடைசிக் காலத்தில் தாத்தாவுக்குக் காது கேட்காது. நாங்கள் எல்லோரும் அவரிடம் உரக்கக் கத்தித்தான் பேசுவோம். அவருடைய செவி எங்கே போயிற்று என்பது எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது.

இரண்டு ஊருக்கும் இன்னோர் உறவும் உண்டு. பாறையையும் ஊடுருவிச் செல்லும் நியூட்ரினோ என்ற நுண்துகள் காற்றுமண்டலத்திலும் உண்டாகிறது; அதை உலகில் முதன்முதலாகப் பதிவு செய்த இடங்களில் ஒன்று, 1965இல், எங்கள் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம். சட்பரியின் கிரைட்டன் சுரங்கத்தில் 2 கிலோமீட்டர் ஆழத்தில், 1,000 டன் கனநீரை (கன ஹைட்ரஜன் கொண்ட நீர்) வைத்து, சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் வழியில் வகை மாறுகின்றன என்பதை நிறுவினார்கள். அதற்காக ஆர்தர் மெக்டொனால்டுக்கு 2015இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அந்த ஆய்வகத்துக்குள் சுற்றுலாப் பயணிகள் போக முடியாது என்றாலும் மகனுக்கு அந்தக் கதையைச் சொல்லுங்கள். மேலே உள்ள பாறை மற்றக் கதிர்களில் பெரும்பாலானவற்றைத் தடுத்துவிடுவதால்தான் சுரங்கத்துக்குள் போய்த் தேடுகிறார்கள் என்று சொன்னால் ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் புரியும்.

வெண்பாறை

தங்கவயல் பேரன் அவர்களின் பதிவை இரண்டு முறை வாசித்தேன். அழிவைக் காட்சியாக்குவது என்று நான் எழுதியது அவசரப்பட்ட சொல், திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒன்றை விடமாட்டேன். மரம் நட்டதைப் பேசும்போது, உலோகம் இன்னும் மண்ணில்தான் இருக்கிறது என்பதையும் பேசவேண்டும். சுண்ணாம்பு அமிலத்தை முறிக்கும், நிக்கலையும் செம்பையும் வேர்கள் உறிஞ்சாமல் கட்டிவைக்கும், வெளியேற்றாது. 1850இல் ராபின்சன்-ஹியூரன் ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்ட அனிஷினாபே பூர்வகுடி மக்களின் நிலம் இது. பிள்ளைக்குக் கதை சொல்லும்போது அவர்களின் பெயரும் வரட்டும்.

ராம்சே ஏரிக்கரை

இதில் எனக்கு மறுப்பில்லை, ஐயா. முழுக்க ஏற்கிறேன்.

சகோதரிக்கு நடைமுறைக் குறிப்புகள் சில. 69ஆம் நெடுஞ்சாலையில் சில பகுதிகள் இன்னும் இருவழிச் சாலைதான். கடமான் குறுக்கே வரும், ஆகவே இருட்டியபின் ஓட்டாதீர்கள். வழியில் பிரெஞ்சு ஆற்றுப் பார்வையாளர் நிலையத்தில் அரைமணி நேரம் நில்லுங்கள். ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல் நடைப்பாலம் இருக்கிறது, அம்மாவும் நடக்கலாம். கடிக்கும் கருஈக்களின் காலம் ஓகஸ்டுக்குள் முடிந்துவிடும். காட்டு அவுரிநெல்லி அப்போது நன்றாகப் பழுத்திருக்கும். அமில மண்ணை அந்தச் செடி விரும்பும் என்பதால் மொட்டைக் குன்றுகளிலும் நன்றாகப் பரவியது. சாலையோரத்தில் கூடையில் விற்பார்கள். கடையில் கிடைக்கும் பழத்தைவிடச் சிறியது, இனிப்பு கூடுதல்.

மார்க்கம் மலர்

நேற்றிரவு வீடு திரும்பினோம். எல்லோருக்கும் நன்றி சொல்லவே எழுதுகிறேன்.

சயன்ஸ் நார்த்தில் மகன் நீல அங்கி அணிந்த ஒருவரிடம் அரைமணி நேரம் கேள்வி கேட்டான். அம்மா சாய்தளத்தில் மெதுவாக ஏறி, திமிங்கலத்தின் எலும்புகளுக்குப் பக்கத்தில் இருக்கையில் அமர்ந்துகொண்டார். டைனமிக் எர்த்தில் அம்மா மேலேயே இருந்துவிட்டார்; நாங்கள் மூவரும் இறங்கினோம். துளைக்கும் கருவி இயங்கியபோது நான் தங்கவயல் பேரன் அவர்களின் தாத்தாவை நினைத்துக்கொண்டேன்.

ஜாக்சன் காட்சிமேட்டில் நீங்கள் சொன்ன பாறையைக் கண்டுபிடித்தோம். அப்பா சப்பாத்தைக் கழற்றிவைத்துவிட்டு அதன்மேல் வெறுங்காலுடன் நின்றார். ஏன் என்று கேட்டதற்கு, "185 கோடி வருசம்" என்று மட்டும் சொன்னார்.

கோனிஸ்டனில்தான் அதிக நேரம் ஆனது. பாதையோரத்தில் ஓரிடத்தில் பைன் ஊசியிலைகளை விலக்கி, அடியிலிருந்த மண்ணைக் கிள்ளியெடுத்து விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். கறுப்பு மண்ணில் வெளிர்நிறத் துணிக்கைகள் இரண்டு மூன்று இருந்தன. தூவியது எந்தக் கல் என்று கைத்தொலைபேசியில் தேடிப் பார்க்கச் சொன்னார். டொலமைட் வகைச் சுண்ணாம்புக்கல் என்று வாசித்துக் காட்டினேன். உடனே முகம் மலர்ந்துவிட்டது. மக்னீசியம் கூடிய கல் சீமெந்துக்கு ஆகாது என்றும், காங்கேசன்துறையில் இப்படி ஒரு கல் வந்திருந்தால் சூளைக்குள்ளேயே விட்டிருக்கமாட்டோம் என்றும் சொல்லிக்கொண்டு, அந்தத் துணிக்கைகளை எடுத்த இடத்திலேயே வைத்து இலைகளால் மூடினார். 1990இல் தொழிற்சாலை நின்றுபோன பிறகு அவர் அந்த வேலையைப் பற்றி எங்களிடம் பேசியதே குறைவு. திரும்பி வரும் வழியில் பிரெஞ்சு ஆறு வரையிலும் சூளையைப் பற்றியும் கல் வெட்டிய குழிகளைப் பற்றியும் மகனிடம் பேசிக்கொண்டே வந்தார்.

கில்லார்னிக்கு நேரம் கிடைக்கவில்லை, வெண்பாறை அண்ணா. செப்டெம்பர் இறுதியில் இலைகள் நிறம் மாறும்போது போகலாம் என்று எண்ணியிருக்கிறோம். அப்பாவின் விசா ஒக்டோபர் நடுவரை இருக்கிறது. எந்த வாரம் பொருத்தமாக இருக்கும்?

வெண்பாறை

செப்டம்பர் கடைசி வாரமும் அக்டோபர் முதல் வாரமும் நல்லவை, தங்கையே. வார நாளில் போங்கள். அனுமதிக்கான முன்பதிவு தொடங்கியவுடனேயே பதிவு செய்துவிடுங்கள். ஜார்ஜ் ஏரிக்கரையில் சிவந்த பாறையும் உண்டு, எதிரே வெண்பாறைக் குன்றும் உண்டு. அப்பா இரண்டையும் தொட்டுப் பார்க்க நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.